மங்கைத் தடுப்பது எப்படி? க்ரீம் வாங்கும் முன் ஒரு கணக்கு

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல். அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ‘மெம்பரனஸ் நெஃப்ரோபதி’ என்ற சிறுநீரக நோய் 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடலின் புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய் இது. அந்த 22 பேரில் 15 பேருக்கு, இந்த நோயில் வழக்கமாக அதிகம் காணப்படாத ‘நெல்-1’ என்ற வகை இருந்தது. ஏன் இத்தனை பேருக்கு என்று மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, 15 பேரில் 13 பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: முகத்துக்கு சிவப்பழகு க்ரீம் பூசினோம்.

‘கிட்னி இன்டர்நேஷனல்’ என்ற மருத்துவ இதழில் இது வெளியானது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது என்பது மட்டும்தான் இதில் நல்ல செய்தி.

மங்கு பற்றிய கட்டுரையில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த மாதிரி க்ரீம் வாங்குகிற எல்லோரும் சினிமா நட்சத்திரம் போல வெளுக்க வேண்டும் என்று வாங்குவதில்லை. கன்னத்தில் ஒரு பழுப்புத் திட்டு, பரு போன இடத்தில் ஒரு கறை, மேலுதட்டில் மீசை போட்டது போல ஒரு நிழல். “இது மட்டும் போனா போதும்” என்றுதான் பலரும் கடைக்குப் போகிறார்கள்.

அங்கேதான் சிக்கல். மங்கைத் தடுக்கிற பொருள் விலை அதிகம், பலன் மெதுவாகத்தான் தெரியும். மங்கை மோசமாக்குகிற பொருள் மலிவு, பலன் ஒரே வாரத்தில் தெரியும். நம் சந்தை இப்படித்தான் இருக்கிறது. அதனால் மங்கைத் தடுப்பது என்பதில் பாதி வெயிலைப் பற்றியது. மீதி பாதி, எதை வாங்குகிறோம் என்பதைப் பற்றியது.

மங்கு என்றால் என்ன? எல்லாக் கருமையும் மங்கா?

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை வெளுத்த தோலிலும் கறுத்த தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது. சில இடங்களில் மட்டும் அந்த செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்தால் அங்கே திட்டு விழுகிறது.

மருத்துவர்கள் ‘மெலாஸ்மா’ என்று சொல்வதைத்தான் நம் வீடுகளில் மங்கு என்கிறோம். கன்னம், நெற்றி, மூக்கு, மேலுதடு ஆகிய இடங்களில், பெரும்பாலும் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். அரிக்காது, வலிக்காது, தொற்றாது.

ஆனால் முகத்திலும் கழுத்திலும் வரும் எல்லாக் கருமையும் மங்கு இல்லை. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தடுக்கும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு.

- பரு, காயம், வேக்சிங், கொசுக்கடி போன்றவை ஆறிய பிறகு அதே இடத்தில் தங்கும் கறை. இது அழற்சியின் மிச்சம். பருவைக் கிள்ளாமல் இருப்பதும், பருவுக்கு சீக்கிரம் வைத்தியம் பார்ப்பதும்தான் தடுப்பு.
- பின்கழுத்து, அக்குளில் தடித்து, வெல்வெட் துணி மாதிரி வரும் கருமை. இது அழுக்கு இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. உட்கார்ந்தே வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரருக்கு இது வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவை.
- நார், பிரஷ், ஸ்க்ரப் வைத்துத் தினமும் அழுத்தித் தேய்ப்பதால் முதுகிலும் கையிலும் கழுத்திலும் வரும் கருமை. “தேய்ச்சா போயிடும்” என்று தேய்க்கத் தேய்க்க அதிகமாகும்.
- ஹேர் டை, வாசனைப் பொருள், ரசாயனச் சாயம் கலந்த குங்குமம் போன்றவை ஒத்துக்கொள்ளாமல் வரும் சாம்பல் கலந்த கருமை. ஸ்டிக்கர் பொட்டின் பசையால் சிலருக்கு நெற்றியில் அந்த இடம் மட்டும் வெளுத்துப் போவதும் உண்டு.

யாருக்கு வருகிறது?

மூன்று காரணங்கள் சேரும்போது மங்கு வருகிறது: பரம்பரை, ஹார்மோன், ஒளி. முதல் இரண்டும் அநேகமாக நம் கையில் இல்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கூடுவதால் பல பெண்களுக்கு மங்கு தொடங்குகிறது. சிலருக்குக் குழந்தை பிறந்து சில மாதங்களில் தானாக மங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வேறு முறைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இது பெண்கள் பிரச்னை மட்டுமா? இல்லை. 2010-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், மங்குக்காக வந்த 200 பேரில் 41 பேர் ஆண்கள், அதாவது ஐந்தில் ஒருவர். அந்த ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வெயிலே முக்கியக் காரணமாக இருந்தது. பைக்கில் அலைபவர்கள், சைட்டில் நிற்பவர்கள், டெலிவரி வேலை பார்ப்பவர்கள் ஆகியோரை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், சன்ஸ்கிரீன் விளம்பரத்தில் இவர்கள் யாரும் வருவதில்லை.

மூன்று காரணங்களில் நம்மால் மாற்ற முடிவது ஒளி மட்டும்தான். தடுப்பு என்று எதைச் சொன்னாலும் அது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த ஒளி? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்

சன்ஸ்கிரீன் வாங்கும்போது நாம் பார்க்கும் எண் எஸ்.பி.எஃப். அது சொல்வது யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரைப் பற்றி மட்டும்தான், அதாவது தோலைச் சிவக்கச் செய்து எரிக்கும் கதிர். எஸ்.பி.எஃப். 30 அதில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், எஸ்.பி.எஃப். 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் ஒரு சதவீதம்தான்.

நம் மாதிரி தோலில் கருமையைத் தூண்டுவதில் இன்னும் இரண்டு ஒளிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலாவது யு.வி.ஏ. இது மேகத்தையும் தாண்டும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். ஆபீஸில் ஜன்னல் ஓர சீட், பக்கக் கண்ணாடி வழியே வெயில் அடிக்கும் கேப் பயணம் எல்லாம் இதில் சேர்த்தி. இதற்கான பாதுகாப்பை ‘பி.ஏ.’ என்ற குறியீடு காட்டும். பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. நான்கு என்பது அதிகபட்சம். குறைந்தது மூன்று இருக்கட்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம், அதிலும் குறிப்பாக நீல ஒளி. வெளுத்த தோலில் இது பெரிதாக எதுவும் செய்வதில்லை. பழுப்பு, கறுப்புத் தோலில் ஆழமான, நாள்பட்ட கருமையை உண்டாக்குகிறது என்று 2010-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. சாதாரண சன்ஸ்கிரீன் இதைத் தடுப்பதில்லை. பூசினால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் க்ரீம் என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைத் தாண்டிப் போகிறது என்றுதானே அர்த்தம்?

இதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு. தோல் நிறத்தில் இருக்கும் ‘டின்டட்’ சன்ஸ்கிரீன்களில் இருப்பது இதுதான். டப்பாவின் பின்னால் ‘அயர்ன் ஆக்சைட்ஸ்’ என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கிறதா என்று பாருங்கள். மங்கு உள்ளவர்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், வெறும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சன்ஸ்கிரீனைவிட, அயர்ன் ஆக்சைடும் சேர்ந்தது மங்கு திரும்ப வராமல் தடுப்பதில் நன்றாகச் செயல்பட்டது.

அப்போ லேப்டாப், மொபைல் வெளிச்சத்தால் மங்கு வருமா? ‘ப்ளூ லைட் சீரம்’ விற்பவர்கள் ஆமாம் என்பார்கள். 2020-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மங்கு உள்ளவர்களின் முகத்தில் தினமும் பல மணி நேரம் திரை வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். திட்டுகள் மோசமாகவில்லை. வெயிலோடு ஒப்பிட்டால் திரையின் ஒளி மிக மிகக் குறைவு. அந்த சீரத்துக்கான காசை சன்ஸ்கிரீனுக்குக் கொடுங்கள்.

உங்கள் ட்யூப் எத்தனை நாள் வருகிறது?

எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இது சுமார் ஒரு கிராம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினால் வருகிற அளவு.

இப்போது கணக்குப் போடலாம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 2 கிராம். 50 கிராம் ட்யூப் 25 நாள் வரும்.

உங்கள் ட்யூப் மூன்று மாதம் வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் ஒரு நாளைக்குப் பூசுவது அரை கிராம் சொச்சம், தேவையானதில் கால் பங்குதான். டப்பாவில் 50 என்று போட்டிருக்கிறது, ஆனால் உங்கள் முகத்தில் இருப்பது 50 இல்லை. “சன்ஸ்கிரீன் போட்டும் மங்கு போகலை” என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

விலையையும் பார்த்துவிடலாம். ஒரு ட்யூப் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 20 ரூபாய், வருஷத்துக்கு 7,300 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கே இது யோசிக்க வைக்கும் தொகை. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஒருவருக்குப் பேச்சுக்கே இடமில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டபோது டால்கம் பவுடருக்கும் ஃபேஸ் பவுடருக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சன்ஸ்கிரீன் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, டப்பாவில் இருக்கும் எண்ணையாவது நம்பலாமா? 2025 ஏப்ரலில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஆன்லைனில் அதிகம் விற்கும் சில சன்ஸ்கிரீன்கள் எஸ்.பி.எஃப். 50 என்று சொன்னாலும் சோதனையில் 20-தான் வருகிறது என்று இந்துஸ்தான் யூனிலீவரின் லாக்மே பிராண்டு விளம்பரம் கொடுத்தது. தங்களைக் குறிவைக்கிறார்கள் என்று ஹொனாசா நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தை மாற்றிக்கொள்ள யூனிலீவர் சம்மதித்தது. அதோடு அந்தச் சண்டை அடங்கியது. ஆனால் வாங்குகிற நமக்கு ஒரு விஷயம் புரிந்தது: அந்த எண்ணை நாமாகச் சரிபார்க்க வழியே இல்லை. மனிதத் தோலில் சோதித்ததா என்று நிறுவனத்தின் தளத்தில் தகவல் இருந்தால் பார்த்து வாங்குவதுதான் இப்போதைக்கு முடிகிற காரியம்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நல்ல தடுப்பு. குடை, அகலமான விளிம்புள்ள தொப்பி, பைக்கில் போனால் முழு ஹெல்மெட். வானிலை ஆப்பில் ‘யு.வி. இண்டெக்ஸ்’ இருக்கும். 3-ஐத் தாண்டினாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடை நண்பகலில் நம் நகரங்கள் பலவற்றில் இது 11-ஐத் தாண்டும். வேலையைக் காலை, மாலைக்கு மாற்ற முடிந்தால் அதைவிட நல்ல சன்ஸ்கிரீன் கிடையாது.

ஒரே வாரத்தில் பளிச்: அந்த க்ரீமில் என்ன இருக்கிறது?

1975-ஐ இந்தியத் தோல் மறக்க முடியாது. அந்த வருஷம்தான் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இங்கே சந்தைக்கு வந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர், கருமையைக் குறைக்கும் ஒரு கலவையை வெளியிட்டார்: 5 சதவீதம் ஹைட்ரோகுயினோன், 0.1 சதவீதம் ட்ரெட்டினாயின், 0.1 சதவீதம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. இதன் மாற்று வடிவங்கள் இன்றும் மங்குக்குப் பயனுள்ள மருந்துகள்தான். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு மட்டும். அமெரிக்காவில் இதே வகை க்ரீம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபோது விதித்த வரம்பு 8 வாரம்.

இந்தியாவில் நடந்தது வேறு. இன்னும் வீரியமான ஸ்டீராய்டுகள் சேர்த்த மூன்று மருந்துக் கலவைகள் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தன. தோழி சொன்னாள், பார்லரில் சொன்னார்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்று வாங்கி, நைட் க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் பூசுகிறார்கள்.

முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும். சில மாதங்களில் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கி எரியும், மங்கு முன்பைவிடக் கருமையாகத் திரும்பும். திரும்பப் பூசினால் அடங்கும். “இந்த க்ரீம் இல்லாம முடியலை” என்ற நிலை இப்படித்தான் வருகிறது. ஸ்டீராய்டைச் சார்ந்துபோன முகம் என்று இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள்.

எவ்வளவு பரவலாக? நாடு முழுவதும் 12 மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர், அதாவது 14.8 சதவீதம் பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே இல்லை. 29 சதவீதம் பேர் அதை சிவப்பழகு க்ரீமாகவோ, பொதுவான முக க்ரீமாகவோ, ஷேவிங்குக்குப் பிறகு பூசுவதாகவோ பயன்படுத்தினார்கள்.

இது எப்படி இவ்வளவு காலம் நடந்தது? சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ‘ஷெட்யூல் ஹெச்’. ஸ்டீராய்டுகள் அதில் இருந்தன. ஆனால் வெளிப்பூச்சாகப் பயன்படுபவைக்கு விலக்கு இருந்தது. அதாவது மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், க்ரீமுக்கு வேண்டாம். தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருஷம் போராடிய பிறகு, 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, இன்று சட்டப்படி அவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கவுன்ட்டரில் பெயரைச் சொன்னால் கிடைக்கிறதா இல்லையா என்பதை நீங்களே உங்கள் தெருமுனையில் பார்த்துக்கொள்ளலாம்.

பாதரசம்: டப்பாவில் எழுதாத பொருள்

மலப்புறத்துக்குத் திரும்புவோம். அங்கே சந்தேக வளையத்தில் இருந்தது ஸ்டீராய்டு இல்லை, பாதரசம். மெலனின் உருவாக உதவும் நொதியை பாதரசம் முடக்கும். அதனால் தோல் வேகமாக வெளுக்கும். ஆனால் அது தோல் வழியே ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் சேரும். பூசியவரின் துண்டு, தலையணை, அணைப்பு வழியாக வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும்.

இந்தியாவின் 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, பாதரசம் வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்திருந்தால் கண்ணுக்கான பொருட்களில் பத்து லட்சத்தில் 70 பங்கு, மற்றவற்றில் பத்து லட்சத்தில் 1 பங்கு வரை மட்டுமே இருக்கலாம்.

கேரளம் 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. சில மாதிரிகளில் பாதரசம் அனுமதித்த அளவைவிட சுமார் 12,000 மடங்கு இருந்ததாக 2025 தொடக்கத்தில் அந்த மாநில சுகாதாரத் துறை சொன்னது. இதை நமக்குப் புரியும் கணக்கில் மாற்றினால், ஒரு கிராம் க்ரீமில் 12 மில்லிகிராம் பாதரசம். 50 கிராம் டப்பாவில் 600 மில்லிகிராம்.

உலக அளவிலும் இதற்குக் கெடு வைத்தார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018-இல் சேர்ந்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025-க்குள் முழுமையாக ஒழிப்பது என்று முடிவெடுத்தன. ஆனால் ஆன்லைனிலும், ‘ஃபாரின் பொருள்’ கடைகளிலும் முகவரியே இல்லாத டப்பாக்களைத் தடுப்பது ஒப்பந்தத்தின் கையில் இல்லை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

விளம்பரங்கள் என்ன ஆயின? 2020 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு சட்டத்திருத்த வரைவை வெளியிட்டது. தோலை வெளுக்கச் செய்யும் என்று மருந்துகளை விளம்பரம் செய்தால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது அது. அந்த வரைவு சட்டமாகவில்லை. அதே ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’, ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. ‘வெள்ளை’ என்ற சொல்லின் இடத்தில் ‘பளபளப்பு’, ‘பிரகாசம்’ என்ற சொற்கள் வந்தன. திட்டு மறைந்து நம் சொந்த நிறம் சீராக இருப்பது வேறு, நம் நிறத்தையே மாற்றுவது வேறு. முதலாவது மருத்துவம். இரண்டாவது வியாபாரம். சந்தை இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு விற்கிறது.

எலுமிச்சை, பார்லர், ஊசி

சமையலறையில் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதில் உள்ள ஒரு பொருள் புற ஊதாக் கதிரோடு வினைபுரிந்து கொப்புளமும் கருமையும் உண்டாக்கும். பேக்கிங் சோடா, பற்பசை எல்லாம் தோலை எரிச்சலாக்கும். எரிச்சல் நம் தோலில் கருமையாகத்தான் முடியும். கற்றாழையோ தயிரோ ஒத்துக்கொண்டால் பூசிக்கொள்ளுங்கள், ஆனால் அவை மங்கைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பார்லர் ப்ளீச், அனுபவமில்லாதவர் செய்யும் பீல், லேசர் ஆகியவற்றிலும் இதே ஆபத்து. கல்யாணத்துக்கு முன் ‘ஒயிட்டனிங் டிரிப்’ என்று குளூட்டாதயோன் ஊசி போடுவது இன்னொரு புது வழக்கம். நிறத்தை மாற்ற இந்த ஊசியைப் போட வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

ஏற்கெனவே வந்துவிட்டால்?

மங்கு கட்டுப்படும், ஆனால் திரும்ப வரும் தன்மை உள்ளது. ரத்த அழுத்தம் மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. அசெலாயிக் அமிலம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் போன்றவை மருத்துவர் எழுதித்தரும் மருந்துகள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஹைட்ரோகுயினோனை வருஷக்கணக்கில் பூசினால் போகாத நீலக் கருமை வரலாம். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அசெலாயிக் அமிலம் தவிர இவற்றில் மற்ற இரண்டையும் அப்போது பொதுவாகத் தருவதில்லை.

டிரனெக்சாமிக் அமில மாத்திரை இப்போது ரீல்ஸில் பிரபலம். அது ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. குறைந்த அளவில் மங்குக்கும் கொடுக்கிறார்கள், பலனும் இருக்கிறது. ஆனால் ரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

தனியார் கிளினிக்கில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது.

இன்று இரவே செய்யக்கூடியவை

- வீட்டில் இருக்கும் எல்லா முக க்ரீம்களையும் எடுங்கள். பின்பக்கம் பீட்டாமெதசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், டெக்ஸாமெதசோன் ஆகியவற்றில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு தேவைப்படும் மருந்து.
- அப்படி ஒன்றை வாரக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், பயத்தில் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாக விடுவிப்பார்.
- தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளர் முகவரி, பதிவு எண். இவை இல்லாத டப்பாவைப் பூசாதீர்கள். பாதரசம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி வையுங்கள்.
- அப்படிப்பட்ட க்ரீமைப் பூசியவருக்குக் கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து, எந்த க்ரீம் பூசினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கையோடு டப்பாவையும் கொண்டுபோங்கள்.
- உங்கள் சன்ஸ்கிரீனில் கூட்டல் குறி எத்தனை, அயர்ன் ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப்பில் இன்றைய தேதியை எழுதி வையுங்கள். தீரும் நாளில், எத்தனை நாள் வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

“பத்து நாளில் பலன்” என்று யாராவது ஒரு க்ரீமைக் கையில் கொடுத்தால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். மங்குக்குப் பத்து நாளில் பலன் தரும் பாதுகாப்பான க்ரீம் இதுவரை எங்கும் இல்லை.